மாடியில் ஒரு ராத்திரி வீணானால் என்ன போகும்?

கேள்வி: மேடம், நாங்கள் கடலூர் குண்டு உப்பலவாடி பக்கம், பெண்ணையாறு கடலில் கலக்கிற இடத்துக்குக் கிட்டத்தில் இருக்கிறோம். ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த மறுநாள் ராத்திரி, தெரு வாட்ஸ்அப் குழுவில் 'சாத்தனூர் டேம் உடைஞ்சிடுச்சு, உயிரைக் காப்பாத்திக்குங்க' என்று யாரோ அலறும் ஆடியோ வந்தது. பிள்ளைகளை இழுத்துக்கொண்டு அடுத்த தெரு மாடி வீட்டுக்கு ஓடினோம். விடிய விடிய ஒன்றும் நடக்கவில்லை. என் வீட்டுக்காரர் தெருவே கேட்கும்படி கேலி செய்தார். மறுநாள், 'சாத்தனூரில் வினாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்திருக்கிறார்கள், ஆற்றங்கரையில் இருப்பவர்கள் மேட்டுக்குப் போங்கள்' என்று இன்னொரு செய்தி வந்தது. நான் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு வேலையைப் பார்த்தேன். அப்புறம் வந்த தண்ணீரில் தையல் மெஷின், ஃபிரிட்ஜ், பெண்ணின் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் எல்லாம் போயிற்று. இப்போது எது வந்தாலும் நம்பவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை. கடலூர் முதுநகர் (ஓ.டி.) துறைமுகத்தில் வேலை பார்த்த மாமனார், வருவதை எல்லாம் நம்பி நாலு பேருக்கு அனுப்புகிறார். காலேஜ் படிக்கும் மகனோ, 'வெப்சைட்டைப் பார்த்தாலே ஒரிஜினலா டூப்பான்னு தெரியும்' என்கிறான். எதை வைத்து முடிவு பண்ணுவது?
வாசகி ஒருவர், கடலூர்

பதில்: நூலகர், புதுச்சேரி

வணக்கம் சகோதரி. மார்க் ஷீட் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். மகள் பெயரில் டிஜிலாக்கர் (சான்றிதழ்களை இணையத்தில் வைத்துத் தரும் அரசு சேவை) கணக்கு தொடங்கி, அதில் கிடைக்கிறதா என்று தேடுங்கள். அச்சடித்த நகல் வேண்டுமென்றால் அவள் படித்த பள்ளியின் தலைமை ஆசிரியரைப் போய்ப் பாருங்கள். அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்கு எப்படி விண்ணப்பிப்பது என்று அவர் சொல்வார். 'ஒரே நாளில் வாங்கித் தருகிறோம்' என்று இணையத்தில் கடை விரித்திருக்கும் ஏஜென்ட் யாரிடமும் பணத்தையோ ஆதார் எண்ணையோ கொடுத்துவிடாதீர்கள்.

இனி நீங்கள் கேட்டது. பொய்யை நம்பி ஓடினேன், மெய்யை நம்பாமல் இருந்துவிட்டேன் என்று இரண்டையும் ஒரே தட்டில் வைத்து நொந்துகொள்கிறீர்கள். என் கணக்கில் முதலாவது தப்பே இல்லை. அந்த ஆடியோ பொய்தான். ஆனால் ஃபெஞ்சல் 2024 நவம்பர் 30 ராத்திரி புதுச்சேரி அருகே கரையேறி, நகராமல் மணிக்கணக்காக நம் தலைமேலேயே நின்றது. புதுச்சேரியில் ஒரே நாளில் 48 சென்டிமீட்டர் கொட்டியது. அதற்கு முந்தைய அதிகபட்சம் 2004இல் பெய்த 21. இப்படி ஒரு மழைக்கு அடுத்த நாள், ஆற்று முகத்துவாரத்தில் வீடு இருக்கும் ஒருத்தி, அணையைப் பற்றி என்ன செய்தி வந்தாலும் பிள்ளைகளோடு மாடி ஏறுவதில் அசட்டுத்தனம் எங்கே இருக்கிறது? போனது ஒரு ராத்திரித் தூக்கம். அவ்வளவுதான்.

இரண்டாவது முறை உங்களைக் கட்டிப்போட்டது அந்தச் செய்தியின் லட்சணம் அல்ல, முந்தின நாள் கேலி. மறுபடி ஓடி மறுபடி ஒன்றும் நடக்காமல் போனால் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்றுதான் போனைக் கவிழ்த்திருப்பீர்கள். உங்கள் வீட்டுக்காரர் கோபித்துக்கொள்ளக் கூடாது, தையல் மெஷினைக் கொண்டுபோனதில் பெண்ணையாற்றுக்கு இருக்கும் பங்கில் கொஞ்சம் அவருக்கும் இருக்கிறது.

ஆகவே 'நம்புவதா, வேண்டாமா' என்ற கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். அதற்கு முன்னால் வேறொன்று இருக்கிறது. இதை நம்பி நடந்து, இது பொய்யென்று ஆனால் என்ன போகும்? நம்பாமல் இருந்து, இது மெய்யென்று ஆனால் என்ன போகும்? வெள்ளம், புயல், கடல் சீற்றம் என்றால் விடை எப்போதும் ஒரே பக்கம் சாயும். பாதி நம்பிக்கை இருந்தாலே போதும், சான்றிதழ்களை பிளாஸ்டிக் பையில் சுற்றிப் பரணில் வைக்கலாம், மெஷினைக் கட்டில்மேல் ஏற்றலாம், மாடிக்குப் போகலாம். முழு உண்மையும் தெரிந்த பிறகுதான் நகருவேன் என்று உட்கார்ந்திருந்தால், அந்த உண்மை வாசல் வழியாகத் தண்ணீராக உள்ளே வந்துவிடும்.

பணம், மருந்து என்றால் கணக்கு அப்படியே தலைகீழ். ஃபெஞ்சலுக்குப் பிறகு அரசு நிவாரணம் அறிவித்தது நிஜம். அந்த நிஜத்தின் வாலைப் பிடித்துக்கொண்டுதான் 'நிவாரணத் தொகை பெற இந்த லிங்க்கை அழுத்தவும்' என்பது வரும். அழுத்தாமல் இரண்டு நாள் பொறுத்தால் ரேஷன் கடையில் கேட்டே தெரிந்துகொள்ளலாம். அழுத்தினால் வங்கிக் கணக்கு காலியாகலாம். 'இன்றிரவு உங்கள் மின் இணைப்பு துண்டிக்கப்படும், உடனே இந்த எண்ணை அழையுங்கள்' என்பதும் இந்த வகைதான். சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டு இந்தக் கஷாயத்தைக் குடி என்பதும் அப்படியே. இங்கெல்லாம் முக்கால் நம்பிக்கைகூடப் போதாது. மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையைத் தொடாதீர்கள்.

இன்னொருவருக்கு அனுப்புவதற்கு இதைவிடக் கடுமையான அளவுகோல் வேண்டும். நீங்கள் மாடி ஏறுவது உங்கள் முழங்காலோடு போகிற விஷயம். அனுப்புவது அப்படி இல்லை. 2018 மே மாதம், பிள்ளை பிடிக்கும் கும்பல் சுற்றுகிறது என்ற வாட்ஸ்அப் வதந்தி வடமாவட்டங்களில் ஊர் ஊராகப் போனது. திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம், குலதெய்வக் கோயிலுக்கு வந்த குடும்பம் ஒன்று வழியில் இறங்கி நின்றது. அதில் ஒரு மூதாட்டி குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். கூட்டம் கூடி அடித்தது, அவர் இறந்துபோனார். அதை ஃபார்வர்டு செய்தவர்கள் எல்லோரும் 'ஒரு எச்சரிக்கைதானே, அனுப்பி வைப்போம்' என்றுதான் நினைத்திருப்பார்கள்.

சரி, உங்களுக்கு வந்த இரண்டு செய்திகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். நூலகத்தில் குறிப்புதவி மேசையில் உட்கார்ந்து எனக்கு இது பழக்கம். ஒரு புத்தகத்தைக் கொடுத்தால் நாங்கள் முதலில் அட்டையைப் புரட்டி, பதிப்பித்தது யார், எந்த ஆண்டு, எத்தனையாவது பதிப்பு என்று பார்ப்போம். அந்த ஆடியோவில் அப்படி எதுவும் இல்லை. பேசுகிறவர் யார், எங்கிருந்து பேசுகிறார், எத்தனை மணிக்குப் பதிவு செய்தார் என்று ஒன்றும் கிடையாது. அலறல் மட்டும் இருந்தது. அலறலைச் சரிபார்க்க வழியில்லை. இரண்டாவதில் அணையின் பெயர் இருக்கிறது, அளவு இருக்கிறது. ஒரு கன அடி என்பது சுமார் 28 லிட்டர். 1.68 லட்சம் கன அடி என்றால் வினாடிக்குக் கிட்டத்தட்ட 47 லட்சம் லிட்டர். பொய்யர்களும் எண் போடுவார்கள்தான். ஆனால் எண் போட்ட பொய்யைப் பிடித்துவிடலாம். அணையிலிருந்து எவ்வளவு தண்ணீர் திறக்கிறார்கள் என்பதைப் நீர்வளத் துறையில் ஒருவர் அளந்து எழுதியாக வேண்டும். அந்த எண் அன்றைக்கு எல்லாச் செய்தி அலைவரிசைகளிலும் ஓடிக்கொண்டிருந்தது. சாத்தனூரில் திறந்த நீர் கடலூருக்கு வந்து சேரப் பல மணி நேரம் ஆகும். விசாரிக்க உங்களுக்கு நேரம் இருந்தது. மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077, மாநிலத்துக்கு 1070. இரண்டையும் போனில் பதிந்து வையுங்கள்.

ஒன்று கவனியுங்கள். ஒரே செய்தி தெருக் குழுவிலும் சொந்தக்காரர் குழுவிலும் பள்ளிப் பெற்றோர் குழுவிலும் வந்தால் மூன்று பேர் சொன்னதாக மனது கணக்குப் போட்டுவிடும். மூன்றும் ஒரே ஆடியோ என்றால் சொன்னது ஒருவர்தான். இரட்டை அம்புக்குறியோடு 'பலமுறை ஃபார்வர்டு செய்யப்பட்டது' என்று வாட்ஸ்அப்பே காட்டும். பலர் சொன்னதற்கான சான்று அது இல்லை, மூலத்திலிருந்து வெகுதூரம் வந்துவிட்டது என்பதற்கான அடையாளம்.

'அரசாங்கம் சொன்னால் நம்பலாமா' என்று அடுத்து கேட்பீர்கள். கடலூர்க்காரரான உங்களுக்குச் சுலபமான விடையைச் சொல்லி ஏமாற்ற முடியாது. 2004 டிசம்பர் 26 சுனாமி முடிந்து நான்காம் நாள், டிசம்பர் 30, இன்னொரு அலை வரலாம் என்று மத்திய உள்துறை அமைச்சகமே எச்சரித்தது. தேவனாம்பட்டினத்திலிருந்து நாகப்பட்டினம் வரை கரையோரம் முழுக்க மக்கள் ஓடினார்கள். அலை வரவில்லை. நிலநடுக்கத்தை முன்கூட்டியே கணிக்க முடியும் என்று சொல்லிக்கொண்ட அமெரிக்கத் தனியார் நிறுவனம் ஒன்றின் பேச்சை வைத்து வந்த எச்சரிக்கை அது. இந்த நாள், இந்த இடத்தில் நிலநடுக்கம் வரும் என்று சொல்லும் திறமை இன்றுவரை உலகில் யாருக்கும் இல்லை.

இதோடு 2012 ஏப்ரல் 11ஐ ஒப்பிடுங்கள். அன்றைக்குச் சுமத்ரா கடலில் 8.6 அளவில் நிஜமாகவே பூமி அதிர்ந்தது. ஹைதராபாத்தில் 2007இல் அமைத்த சுனாமி எச்சரிக்கை மையம் தகவல் கொடுத்தது, நம் கரையில் எல்லோரும் மேட்டுக்குப் போனார்கள். கடலடித் தட்டு மேலும் கீழுமாக எழும்பாமல் பக்கவாட்டில் நகர்ந்ததால் பெரிய அலை கிளம்பவில்லை. சில மணி நேரத்தில் எச்சரிக்கையைத் திரும்பப் பெற்றார்கள். வீட்டுக்குத் திரும்பியவர்களுக்கு இரண்டு நாளும் ஒன்றுபோலத்தான் இருந்திருக்கும். எனக்கு அப்படி இல்லை. 2004இல் சொன்னது யாராலும் அறிய முடியாத ஒன்று. 2012இல் சொன்னது அளந்து அறிந்த ஒன்று, புதிய அளவு வந்ததும் திருத்தப்பட்ட ஒன்று. எனவே எந்தச் செய்தி வந்தாலும் 'இதை ஒரு மனிதரால் இப்போது தெரிந்துகொள்ள முடியுமா' என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். புயல் வருவதைச் சில நாள் முன்பே அறியலாம். அணையில் திறப்பதைச் சில மணி நேரம் முன்பே அறியலாம். 'நாளை மதியம் வங்கக் கடலில் பூகம்பம்' என்பதை அறியவே முடியாது. அப்படி வருவதை, யார் பெயரில் வந்தாலும், படித்த இடத்திலேயே விட்டுவிடலாம்.

திருத்தம் என்றதும் ஞாபகம் வருகிறது. ஃபெஞ்சல் சமயத்தில் வானிலை ஆய்வு மையத்தை எல்லோரும் கிண்டலடித்தார்கள். முதலில் புயல் என்றார்கள், பிறகு புயலாக வலுப்பெறாது என்றார்கள், நவம்பர் 29ஆம் தேதி அது புயலாகிவிட்டது. 'இவங்களுக்கே தெரியல' என்று டீக்கடையில் பேச்சு. நான் இதை வேறு விதமாகப் பார்க்கிறேன். தேதியும் நேரமும் போட்டு, நேற்றுச் சொன்னதை இன்று மாற்றிச் சொல்கிறவரிடம், எப்போது எதை வைத்து மாற்றினார் என்று தேடிப் பார்க்க முடிகிறது. முதலிலிருந்து கடைசிவரை ஒரே அடியாக 'நான் அப்பவே சொன்னேன்' என்று யூடியூபில் முழங்குகிறவரிடம் அது முடியாது. பழைய வீடியோவை நீக்கியிருப்பார்.

நம் பக்கத்துக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு, சென்னைக்காரர்களுக்கு இது புரியாது. செய்தி மெய்யாக இருக்கும், ஊர் வேறாக இருக்கும். ஃபெஞ்சல் நிவாரணமாக ரேஷன் அட்டைக்கு 5,000 ரூபாய் என்று வந்தது மெய், அது புதுச்சேரிக்கு. கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சியில் பாதிக்கப்பட்டவர்களுக்குத் தமிழ்நாடு அரசு அறிவித்தது 2,000. 'நாளை பள்ளிகளுக்கு விடுமுறை' என்பது பாகூரில் மெய்யாகவும் முள்ளோடையைத் தாண்டி ரெட்டிச்சாவடியில் பொய்யாகவும் இருக்கும். இரண்டு அரசாங்கம், ஒரே மழை, ஒரே வாட்ஸ்அப் குழு. காட்சிகளிலும் இந்தக் குழப்பம் உண்டு. வீடியோ வந்தால் நடுவில் மிதக்கிற காரைப் பார்க்காதீர்கள், அதன் நம்பர் பிளேட்டைப் பாருங்கள். கடலூர் என்றால் பெரும்பாலும் டிஎன் 31, புதுச்சேரி என்றால் பிஒய் 01. கடைப் பெயர்ப் பலகை எந்த மொழியில் இருக்கிறது, பேருந்தின் நிறம் என்ன, ஆட்கள் என்ன பேசுகிறார்கள் என்று பாருங்கள். ஒரு காட்சியை நிறுத்திப் படமெடுத்து கூகுள் லென்ஸில் போட்டால், அது ஏற்கெனவே வேறு வருஷம் வேறு ஊரில் வந்ததா என்று பல சமயம் காட்டிவிடும்.

உங்கள் மகனிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். 'பார்த்தாலே தெரியும்' என்று நினைப்பவன் அவன் மட்டும் இல்லை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பி.ஜே. ஃபாக் என்பவரின் குழு 2002இல் 2,684 பேரிடம் இணையதளங்களைக் காட்டி, எது நம்பகமானது, ஏன் என்று கேட்டது. வந்த கருத்துகளில் 46 சதவீதம் தளத்தின் தோற்றத்தைப் பற்றியவை. நிறம், எழுத்து, அடுக்கிய விதம். அன்றைக்கு அழகான தளம் அமைக்கக் காசு செலவாகும், அதனால் அதில் கொஞ்சம் அர்த்தமாவது இருந்தது. இன்றைக்குச் செயற்கை நுண்ணறிவு அதைச் சும்மா செய்து கொடுக்கிறது, குரலையும் முகத்தையும்கூட. அரசுத் தளங்கள்தான் இன்னமும் பழைய சந்தைபோல இறைந்து கிடக்கின்றன.

சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ என்ற இருவர் 2017இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் சுவையானது. வரலாற்றில் முனைவர் பட்டம் பெற்ற 10 பேர், செய்தி சரிபார்ப்பவர்கள் 10 பேர், ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் 25 பேர். மூன்று கூட்டத்துக்கும் ஒரே தளங்களைக் கொடுத்தார்கள். பேராசிரியர்களும் மாணவர்களும் அந்தப் பக்கத்துக்குள்ளேயே இருந்து மேலிருந்து கீழ்வரை கவனமாகப் படித்தார்கள், முத்திரையையும் முகவரியையும் பார்த்து ஏமாந்தார்கள். சரிபார்ப்பவர்கள் படிக்கவே இல்லை. உடனே வெளியே வந்து, வேறு ஜன்னல் திறந்து, 'இந்த அமைப்பு யார், இவர்களைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள்' என்று தேடினார்கள். குறைந்த நேரத்தில் சரியான முடிவுக்கு வந்தவர்கள் அவர்கள்தான். பெண் பார்க்கப் போனவர்கள் அந்த வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தே குடும்பத்தைப் பற்றி முடிவு செய்வதில்லையே, தெருமுனைக் கடையில் விசாரிக்கிறோம் இல்லையா? அதேதான்.

பையனுக்குக் கைவேலையாக ஒன்று. இணைய முகவரியைப் பின்னாலிருந்து படிக்கப் பழகச் சொல்லுங்கள். முகவரியில் முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்கு முன்னால் இருக்கும் கடைசித் துண்டு 'ஜிஓவி டாட் இன்' அல்லது 'என்ஐசி டாட் இன்' என்று முடிந்தால் அது அரசுடையது, தனியாருக்கு அதைக் கொடுப்பதில்லை. நடுவில் 'ஜிஓவி' என்று செருகி 'டாட் காம்' என்று முடிந்தால், எத்தனை சிங்க முத்திரை போட்டிருந்தாலும் அது அரசு இல்லை. பூட்டுப் படத்துக்கும் மெய்க்கும் சம்பந்தமில்லை. நீங்கள் அனுப்புவதை வழியில் யாரும் எட்டிப் பார்க்க முடியாது என்பதற்கு மேல் அது எதையும் சொல்வதில்லை. திருடனோடும் பூட்டிய அறையில் பேசலாம்.

மாமனார் விஷயம்தான் கடினம். அவர் செய்தியை நம்பவில்லை, அனுப்பிய ஆளை நம்புகிறார். 'நம்ம முருகேசன் அண்ணன் பையன்தான் போட்டான்' என்கிற மாதிரி. அந்தப் பையன் நல்லவனாகவே இருக்கலாம், அணையைப் பற்றி அவனுக்கு என்ன தெரியும்? இன்னொரு ஆபத்தும் உண்டு. ஹோவ்லண்ட், வைஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1951இலேயே இதைச் சோதித்தார்கள். ஒரே கட்டுரையைச் சிலருக்கு மதிப்புள்ள விஞ்ஞானி எழுதியது என்றும், சிலருக்கு அவர்கள் நம்பாத பத்திரிகையில் வந்தது என்றும் சொல்லிக் கொடுத்தார்கள். படித்த உடனே கேட்டபோது விஞ்ஞானி சொன்னதைத்தான் அதிகம் பேர் ஏற்றார்கள். நான்கு வாரம் கழித்துக் கேட்டபோது அந்த வித்தியாசம் காணாமல் போயிருந்தது. சொன்னது யார் என்பது மனதில் பிரிந்துபோய்ச் சொன்ன சங்கதி மட்டும் தங்கிவிட்டது. இன்றைக்கு அவரே 'சும்மா புரளி' என்று ஒதுக்குவதை அடுத்த மாதம் 'எங்கேயோ படிச்சேன்' என்று சொல்வது இதனால்தான். அதனால் பொய்யை உடனுக்குடன் அழித்துவிடுவது நல்லது, 'பார்த்துச் சிரிக்க' என்றுகூட வைத்துக்கொள்ள வேண்டாம்.

குழுவில் எல்லோர் முன்னாலும் அவரைத் திருத்தாதீர்கள். பெரியவர், ரோஷம் வந்தால் பொய்யையே கட்டிக் காப்பார். தனியாக உட்காரும்போது துறைமுகத்துப் புயல் கூண்டைப் பற்றிக் கேளுங்கள். அது அவருக்குக் கரதலப் பாடமாக இருக்கும். எண் 1 என்றால் தூரத்தில் புயல் சின்னம். எண் 10 என்றால் பேரபாயம். கூண்டை ஏற்றுவது துறைமுக அலுவலகம், ஏற்றச் சொல்வது வானிலை மையம், சந்தேகம் என்றால் எவரும் நேரில் போய் அண்ணாந்து பார்க்கலாம். இதையெல்லாம்விட எனக்குப் பிடித்தது 11ஆம் எண். வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று அர்த்தம். தகவல் இல்லை என்பதைக்கூட ஒளிக்காமல் ஏற்றிக் காட்டிய ஏற்பாடு அது. 'மாமா, இந்த ஆடியோவை யார் ஏற்றினது, யார் ஏற்றச் சொன்னது' என்று அவர் பாஷையிலேயே கேட்டால் அவருக்குச் சட்டென்று பிடிபடும்.

குழு அட்மினிடமும் பேசுங்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபருக்கு முன்பே பேசிவிடுவது நல்லது, மழை பிடித்த பிறகு யாருக்கும் காது கேட்காது. தேதி, நேரம், சொன்னவர் மூன்றும் இல்லாமல் அணை, புயல் பற்றி எது வந்தாலும், 1077க்குப் பேசிவிட்டுக் குழுவில் பதில் போடுகிற வேலையை ஒருவரிடம் கொடுக்கச் சொல்லுங்கள். அந்த ஒருவர் உங்கள் மாமனாராகவே இருக்கட்டும். நாலு பேருக்கு அனுப்பும் கைக்கு வேறு வேலை கிடைத்த மாதிரியும் ஆகும், கூண்டு எண்ணை அவரைவிட நன்றாகப் படிக்கத் தெரிந்தவர் உங்கள் தெருவில் இருக்கப்போவதும் இல்லை.